கைகட்டி சிஸ்டரும் லிஃப்ட்காரர் போட்ட முதல் டீயும்

முதியோர் மறுவாழ்வு வார்டின் வாசலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. போன வருடம் அதில் விழுந்த புகார்கள் மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு, மின்விசிறியைப் பற்றி. மீதி ஒன்பதும் ஒரே ஆளைப் பற்றி. "எங்கள் அப்பா சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். சிஸ்டர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறார்" என்று ஒரு மகன் எழுதியிருந்தார். "கல்நெஞ்சக்காரி" என்று ஒரு மருமகள் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருந்தாள். இந்தப் புகார்களைப் படித்துப் பதில் எழுத வேண்டியவர் வார்டின் தலைமை நர்ஸ். புகாருக்கு ஆளானவரும் அவரேதான். சளைக்காமல் ஒவ்வொன்றின் கீழும் "விசாரித்தோம், உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுவார்.

வார்டில் அவருக்குப் பெயர் கைகட்டி சிஸ்டர். பெயர் வைத்தவர்கள் நோயாளிகள். அவர் இல்லாத நேரத்தில் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. பன்னிரண்டு கட்டிலில் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் ரகசியம் பேசினாலும் தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கும். சிஸ்டருக்கும் அந்தப் பெயரில் வருத்தமில்லை. கையை முன்னால் தொங்க விட்டால் அது தானாகவே உதவிக்குப் போய்விடும், அதனால்தான் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன் என்பார்.

அவரும் ஒரு காலத்தில் கை ஓயாத நர்ஸ்தான். அவசரச் சிகிச்சைப் பிரிவில் பத்து வருடம், அங்கே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இந்த வார்டுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், காலை ஏழரைக்குள் எட்டுக் கிழவர்களுக்கு முகம் கழுவி, தலைவாரி, சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார வைத்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அப்போதைய தலைமை நர்ஸ் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல வேகம். ஒரே காலையில எட்டுப் பேரைக் கெடுத்துட்டே" என்றார். பிறகு எட்டுப் பேரின் பொத்தான்களையும் கழற்றச் சொன்னார். அவரவர் சட்டையை அவரவர் போட்டு முடிக்கப் பத்தேகால் ஆயிற்று. கடைசிப் பொத்தானை மாட்டிய கிழவர் கைதட்டச் சொல்லிக் கேட்டார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இந்தச் சிஸ்டரை இன்று வரை விடவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வேலை புரியாது. சும்மா நிற்பதில் எத்தனை வேலை இருக்கிறது என்று நின்று பார்த்தால்தான் தெரியும். கீழே விழப் போகிறாரா, சோம்பல் படுகிறாரா, உண்மையிலேயே முடியவில்லையா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முடியாது என்று அவர் சொன்ன பிறகும் மனசுக்குள் இருபது வரை எண்ண வேண்டும். பெரும்பாலும் பதினாலு, பதினைந்தில் கை மறுபடியும் கிளம்பிவிடும். சட்டை மாட்டும்போது பலமில்லாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். "அந்தக் கை கோவிச்சுக்கிட்டு இருக்கு. அதுக்குத்தான் முதல் மரியாதை" என்பார் சிஸ்டர். தாழ்வாரம் முழுக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி. ஒரு மூலையில் ஏறி இறங்க மட்டும் நாலு படி, அது எங்கேயும் போகாது. கோடியில் பயிற்சிச் சமையலறை. ஓர் அடுப்பு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அலமாரியில் நாலு டப்பா.

அந்தச் சமையலறையில்தான் லிஃப்ட்காரரின் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

லிஃப்ட்காரருக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் ஊரில் இருந்த லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்தவர். "ஊரையே மேலயும் கீழயும் அனுப்பினேன் சிஸ்டர், இப்ப கட்டிலை விட்டு இறங்க எனக்கு ஒரு லிஃப்ட் கிடைக்கலை" என்று வந்த முதல் நாளே சொன்னார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் படுத்துவிட்டன. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது வாரத்தில் கைத்தடியோடு தாழ்வாரத்தை இரண்டு சுற்று சுற்றினார், அந்த நாலு படியில் ஏறி நின்று "மேல வேற மாடி ஏதும் கட்டலையா?" என்று கேட்டார். தானாகக் குளித்தார், உடுத்தினார், டெலிபோனில் மனைவியைக் கூப்பிட்டு வம்பளந்தார்.

அவர் மனைவிக்கு அறுபத்தெட்டு வயது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயா. காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புவார். அந்த ஐந்து மணி நேரம் லிஃப்ட்காரர் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அந்த அம்மா சொல்லிப் பார்த்தார். "நாள் பூரா நீங்க ஒருத்தரே பார்த்துக்கிட்டா ஆறே மாசத்துல பக்கத்துக் கட்டிலுக்கு நீங்க வந்து படுப்பீங்க" என்று டாக்டர் மறுத்துவிட்டார். தனியாக இருக்கப் போகிறவர் அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு டீ போட்டு, அடுப்பை அணைத்துக் காட்ட வேண்டும் என்பது வார்டின் விதி. டீ முக்கியமில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை மூளையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் விஷயம். தேறினால் வீடு. தேறாவிட்டால் ஊரின் மறு கோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய முதியோர் இல்லம்.

திங்கள்கிழமை தேர்வு வைத்தார் சிஸ்டர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

லிஃப்ட்காரர் கம்பீரமாக உள்ளே போனார். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். அதில் டீத்தூளைக் கொட்டினார். சர்க்கரையையும் கொட்டினார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, ஏதோ நடக்கும் என்று காத்திருந்தார். நடந்தது. தூள் கருகிப் புகை வந்தது. அப்போது பாலை எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றி, டம்ளரை அடுப்பின் பக்கத்தில் வைத்தார். பக்கத்தில் வைத்தாலே சூடாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. சிஸ்டர் இருபது வரை எண்ணினார். நாற்பது வரை எண்ணினார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

"வரிசை குழம்புகிறது" என்று தாளில் எழுதினார். எழுதிய தாளை உடனே டாக்டரிடம் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நோயாளிகளில் யார் மேலும் தனிப் பிரியம் வைக்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தார். லிஃப்ட்காரர் விஷயத்தில் அது எப்போதோ உடைந்துபோயிருந்தது.

டாக்டர் தாளைப் படித்தார். சேர்க்கும்போது எழுதிய படிவத்தையும் எடுத்துப் பார்த்தார். நோய் வருவதற்கு முன்னால் வீட்டு வேலைகள் எப்படி என்ற கேள்விக்கு, "எல்லாம் அவரே செய்துகொள்வார்" என்று மனைவி சொன்ன பதில் இருந்தது. அதை எழுதியிருந்தது சிஸ்டரேதான்.

"முன்னாடி எல்லாம் செஞ்சவர் இப்ப ஒரு டீ போட முடியலைன்னா, திட்டம் போடற பகுதியில அடி பலமா விழுந்திருக்கு. தனியா விட முடியாது சிஸ்டர். இல்லத்துக்குச் சொல்லி வைங்க" என்றார் டாக்டர். அவர் கெட்டவர் இல்லை, தாளில் இருப்பதைப் படித்தார்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் டாக்டர்."

"நாலு நாள்ல மூளை வளருமா?"

"தெரியாது. எதுக்கும் பார்த்துடலாம்."

டாக்டர் சரி என்றார். அதற்கு மேல் அந்தக் கட்டிலை வைத்திருக்க முடியாது, காத்திருப்போர் பட்டியல் நீளம் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் தலைவலியோடு வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றியதும் சோபாவில் சாய்ந்தார். அவர் கணவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு முன்னாலேயே வந்திருந்தார்.

"ஏங்க, தலை பிளக்குது. ஒரு டீ போட்டுத் தர்றீங்களா?"

வாத்தியார் ஒரு கணம் திகைத்தார். ஆனாலும் மனைவி மேல் பிரியம் உள்ளவர், உள்ளே போனார். டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. "சர்க்கரை எது, உப்பு எது?" என்று குரல் வந்தது. "நக்கிப் பாருங்க" என்றார் சிஸ்டர். கொஞ்ச நேரத்தில் கருகிய வாசனை வந்தது. வாசனையா அது, காலையில் முகர்ந்த அதே நாற்றம். சிஸ்டர் எழுந்து ஓடினார்.

அடுப்பில் வெறும் பாத்திரம். அதில் டீத்தூளும் சர்க்கரையும் கருகிக்கொண்டிருந்தன. வாத்தியார் கையில் பால் டம்ளரோடு, விடை தெரியாத பையன் மாதிரி நின்றார்.

"தூளை முதல்ல போட்டீங்களா?"

"எதை முதல்ல போட்டா என்ன? கூட்டல்ல வரிசை மாறினா விடை மாறாதே."

சிஸ்டர் அடுப்பை அணைத்தார். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வாத்தியார் பயந்தே போனார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த மனிதருக்கு மூளையில் ஓர் அடைப்பும் இல்லை. ரத்த அழுத்தம்கூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டரே பார்க்கிறார்.

"எனக்கு ஒரு உபகாரம் பண்ணிட்டீங்க" என்றார்.

"டீயே வரலியே?"

சிரிப்பு அடங்கியதும் சிஸ்டருக்கு வெட்கம் வந்தது. நன்றாகவே வந்தது. எண்பது வயதுக் கிழவர்கூட அவர் பொத்தானை அவரே போடட்டும் என்று நிற்கிறவர், இருபத்தாறு வருடமாகச் சொந்த வீட்டில் ஒருவருக்கு வெந்நீர் வைக்கவும் விடாமல் எல்லாவற்றையும் தானே செய்து வந்திருக்கிறார். மறுநாள் காலை முதல் அவர் தன் அடுப்படியிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார் புகார்ப் பெட்டி எங்கே என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட்காரரின் மனைவி பார்க்க வந்ததும் சிஸ்டர் அவரைத் தாழ்வாரத்தில் ஓரமாக உட்கார வைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. ஐயா வீட்டுல என்னைக்காவது டீ போட்டிருக்காரா?"

அந்த அம்மா முதலில் விறைத்துக்கொண்டார். "எல்லாம் அவரே..." என்று ஆரம்பித்தார். சிஸ்டர் ஒன்றும் பேசாமல் மனசுக்குள் எண்ணினார். பதினொன்றில் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நாப்பத்தெட்டு வருஷத்துல அடுப்பைப் பத்த வெச்சதே கிடையாது, சிஸ்டரம்மா. சர்க்கரை டப்பா எந்தத் தட்டுல இருக்குன்னு கேட்டா எந்த வீட்டுலன்னு கேப்பாரு."

"அப்புறம் ஏம்மா எல்லாம் அவரே செய்வாருன்னு சொன்னீங்க?"

"பின்ன? முதல் நாள். அவரு கை கால் விழுந்து படுத்திருக்காரு. சுத்தி நின்னு நாலு பேரு, அவருக்கு அது தெரியுமா, இது தெரியுமான்னு கேக்கறீங்க. தெரியாதுன்னு சொல்லி அவரைக் குறைச்சுக் காட்ட எனக்கு மனசு வரலை."

சிஸ்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு அந்த அம்மாவுடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்வியை எத்தனையோ குடும்பத்திடம் கேட்டிருக்கிறார், கிடைத்த பதிலை எழுதியிருக்கிறார். என்றைக்காவது டீ போட்டாரா என்று எதிர்க்கேள்வி ஒன்று போட இத்தனை வருடம் தோன்றவில்லையே என்று தன் மேல்தான் கோபம் வந்தது.

டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சரி, மறந்துட்டாருன்னு சொல்ல முடியாது. அதுக்காக வரிசை சரியா இருக்குன்னும் சொல்ல முடியாதே. அடுப்பு அடுப்புதான். வெள்ளிக்கிழமை பத்திரமா செஞ்சு காட்டட்டும்." அதுவும் நியாயம்தான். ஆக, எழுபத்திரண்டு வயதில், ஒரு கையோடு, மூன்று நாளில் லிஃப்ட்காரர் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"இந்த வயசுல போய் அடுப்படி வேலையா?" என்று லிஃப்ட்காரர் முறுக்கிக்கொண்டார். "இத்தனை நாளும் என் பெண்டாட்டி என்னை நல்லா வெச்சிருந்தா."

"அதான் இப்ப உங்களை இரண்டு பஸ் தள்ளி வைக்கப் போறாங்க" என்றார் சிஸ்டர். அவருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் நாக்கு கொஞ்சம் நீளம்தான். "அடுப்படின்னு யாரு சொன்னா? அது ஒரு மெஷின். பழுது பார்க்கப் போற லிஃப்டுல எடுத்ததும் பட்டனை அமுக்குவீங்களா?"

"எவன் அமுக்குவான்? முதல்ல மெயினை அணைக்கணும். அப்புறம் பிரேக், அப்புறம் கதவு."

"அதேதான். லிஃப்டுக்கு வேலை வரிசையைக் கார்டுல எழுதி வைப்பீங்கள்ல, அதே மாதிரி இதுக்கும் ஒரு கார்டு எழுதுங்க."

லிஃப்ட்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அட்டை கேட்டார், பேனா கேட்டார், மூக்குக்கண்ணாடி கேட்டார். பிறகு அடுப்பை மேலும் கீழுமாக ஆராய்ந்துவிட்டு, குமிழ் ஆடுகிறது, இதைச் சரி செய்யாமல் வேலையைத் தொடங்க முடியாது என்று அறிவித்தார். ஆஸ்பத்திரி மெக்கானிக்கை வரவழைத்து, ஸ்க்ரூவை முடுக்க வைத்து, "இன்னும் கால் சுத்து" என்று அவனை விரட்டிய பிறகுதான் உள்ளே வந்தார். செவ்வாய்க்கிழமை இதிலேயே போய்விட்டது.

புதன்கிழமை சிஸ்டர் ஒற்றைக் கை வேலையைச் சொல்லிக் கொடுத்தார், கையால் செய்யாமல் வாயால். ஈரத்துணியை மடித்து மேசையில் விரித்தால் டம்ளர் வழுக்காது. டப்பாவைக் கோபக்காரக் கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டால் மூடி திறக்கும். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கவே கூடாது, அணைத்துவிட்டுக் கரண்டியால் மொண்டு வடிகட்டியில் ஊற்ற வேண்டும். லிஃப்ட்காரர் அன்று ஆறு டீ போட்டார். வார்டில் குடிக்கத் தைரியம் உள்ளவர்கள் குடித்தார்கள். முதல் டீ வெந்நீர், மூன்றாவது கஷாயம், ஆறாவதை ஜன்னலோரக் கட்டில்காரர் குடித்துவிட்டு, "பரவாயில்லை, உயிரோடதான் இருக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை லிஃப்ட்காரர் கார்டைப் பார்க்காமலே செய்தார். ஒரு தடவை மட்டும் அடுப்பை அணைக்க மறந்தார். அந்த ஒரு தடவை சிஸ்டரின் மனசில் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டாக்டர் தாளோடு ஒரு பக்கம், சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம். தனக்கும் இன்னொருவருக்குமாக இரண்டு டீ போட வேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவராக மனைவி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துவிடுவார் போல இருந்தார்.

லிஃப்ட்காரர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். ஈரத்துணி விரித்தார். தண்ணீர், பால், பிறகு அடுப்பு. டீத்தூள் டப்பாவை வயிற்றோடு அணைத்து மூடியைத் திறந்தார், இரண்டு ஸ்பூன் போட்டார். எல்லாம் கார்டில் எழுதியபடி. அடுத்து சர்க்கரை டப்பாவை அணைத்துக்கொண்டு மூடியோடு போராடும்போதுதான் பால் பொங்கி வந்தது.

டப்பா வயிற்றில், மூடி கையில். பால் விளிம்புக்கு வந்துவிட்டது. மனைவி பாதி எழுந்துவிட்டார். சிஸ்டரின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன. ஓரடி எடுத்து வைத்தால் அடுப்பை அணைத்துவிடலாம். அணைத்தால் தேர்வு முடிந்தது, இல்லத்துக்குப் போன் பண்ண வேண்டியதுதான். ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினார். லிஃப்ட்காரர் பதறவில்லை. மூடியை மேசையில் வைத்தார். குமிழைப் பிடித்துத் திருகினார். பால் கொஞ்சம் வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. "மெயின் ஆஃப்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிஸ்டர் மூச்சு விட்டார்.

கரண்டியால் மொண்டு இரண்டு டம்ளரிலும் வடிகட்டினார். தன் டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டார். மனைவியின் டம்ளருக்கு ஸ்பூனைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். நின்றவர் நின்றவர்தான். டாக்டரின் பேனா தாளை நோக்கி இறங்கியது.

லிஃப்ட்காரர் திரும்பினார். "இந்தா பாரு, உனக்கு எத்தனை ஸ்பூன்?"

டாக்டர் சிஸ்டரின் பக்கம் சாய்ந்து, "நாப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவர். இதுகூட மறந்துபோச்சா?" என்று கிசுகிசுத்தார்.

"மறக்கலை டாக்டர். இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்கறார்."

அந்த அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். கணவரைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், யோசித்தார்.

"எனக்கா? தெரியலையேங்க. உங்களுக்குக் கலந்தது போக மிச்சம் இருக்கறதைக் குடிப்பேன். எவ்வளவு இருந்தா எனக்குப் பிடிக்கும்னு பார்த்ததே இல்லை."

லிஃப்ட்காரர் ஸ்பூனும் கையுமாக மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, டம்ளரை ஈரத்துணியோடு மெல்ல மேசைமேல் நகர்த்தி அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப பார்த்துடுவோம். நல்லா சாய்ஞ்சு உக்காரு. ஒண்ணுல ஆரம்பிக்கறேன். குடிச்சுட்டு, பத்தலைன்னா சொல்லு."

டாக்டர் தாளில் "வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாங்க யாரும் கை நீட்டவில்லை. அந்த அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். அவசரமே படவில்லை.

"இன்னும் அரை ஸ்பூன்" என்றார்.

லிஃப்ட்காரர் சர்க்கரை டப்பாவை மறுபடியும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அரை ஸ்பூன் எடுத்துப் போட்டார்.